செசில் அபர்குரோம்பி

செசில் ஹாலிடே அபர்குரோம்பி (ஏப்ரல் 12, 1886 – மே 31, 1916) இந்தியாவில் பிறந்த ஸ்காட்லாந்து ரக்பி வீரரும், ஆம்ப்சயர் அணியின் துடுப்பாட்டக்காரரும், பிரித்தானியக் கடற்படை அதிகாரியும் ஆவார். முதலாம் உலகப் போரின்போது ஜட்லாந்து கடற்சமரில் உயிரிழந்தார்.

பிறப்பும் கல்வியும்

இவர் முசாபர்பூரில் பிறந்தார். அந்நாளில் வங்காள மாகாணத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் இன்று பீகார் மாநிலத்தில் உள்ளது. இங்கிலாந்தின் பெர்க்காம்ஸ்டெட் பள்ளியில் பயின்ற பின்னர், பிரிட்டானியா பயிற்சிக் கப்பலில் சேர்ந்து கடற்படைக்குச் சென்றார்.

ரக்பி

1910 முதல் 1913 வரை ஸ்காட்லாந்து அணிக்காக ஆறு பன்னாட்டுப் போட்டிகளில் முன்கள ஆட்டக்காரராக ஆடினார். 1910 இல் எடின்பரோவில் இங்கிலாந்துடன் ஆடிய போட்டி கல்கத்தா கிண்ணத்துக்கானது. இக்கிண்ணம் இந்திய வெள்ளி ரூபாய்களால் ஆனது என்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி. கல்கத்தாவில் இயங்கிய ரக்பி கழகம் 1878 இல் கலைக்கப்பட்டபோது, வங்கியில் எஞ்சியிருந்த அதன் பணம் வெள்ளி நாணயங்களாகப் பெறப்பட்டு, உருக்கப்பட்டுக் கிண்ணமாக வார்க்கப்பட்டது. அதன் கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு வடிவின. மூடியின் மேல் யானை நிற்கிறது. இந்தியாவில் பிறந்த அபர்குரோம்பியின் அணி அவ்வாண்டு 5-14 எனத் தோற்றது.

1911 சனவரியில் பாரிசு அருகே பிரான்சு அணி ஸ்காட்லாந்தை 16-15 என வென்ற போட்டியிலும் இவர் ஆடினார். பிரித்தானியத் தீவுகளின் அணியொன்றைப் பிரான்சு வென்றது அதுவே முதல் முறை.

துடுப்பாட்டம்

கடற்பணி இவருக்கு ஆம்ப்சயர் அணியில் 1913 ஆம் ஆண்டின் ஒரு பருவத்தை மட்டுமே விட்டுவைத்தது. அது போதுமானதாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிரான தமது முதல் ஆட்டத்தில் 126, 39 ஓட்டங்களை எடுத்தார். வூசுட்டர்சயருக்கு எதிராக 144 ஓட்டங்கள் பெற்றார். லெய்ட்டனில் எசெக்சு அணியிடம் 317 ஓட்டங்கள் பின்தங்கித் தொடர்ந்தாடிய ஆம்ப்சயர், ஆறு இலக்குகளை இழந்த நிலையில், இவரும் ஜார்ஜ் பிரவுனும் இணைந்து 325 ஓட்டங்கள் சேர்த்தனர். இவர் 165, பிரவுன் 140. ஏழாவது இலக்குக்கான ஆம்ப்சயரின் இச்சாதனை நூறாண்டு கடந்தும் முறியடிக்கப்படாமல் நின்றது. அப்பருவத்தில் இவர் எடுத்த மொத்த ஓட்டங்கள் 936. அடுத்த பருவத்தில் கடற்பணி அழைத்துக்கொண்டதால் இவர் ஆம்ப்சயருக்கு மீண்டும் ஆடவில்லை.

இறப்பு

போரில் இவர் டிஃபென்ஸ் என்னும் கவசக் கப்பலில் பணியாற்றினார். மே 31, 1916 மாலை, சேதமுற்ற செருமானியக் கப்பலான வீசுபாடனைத் தாக்க அது முன்னேறியபோது, செருமானியப் பெருங்கப்பல்களின் சுடுதொலைவுக்குள் சிக்கியது. வெடிமருந்து அறைகள் வெடித்து, சுமார் 900 பேருடன் மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அபர்குரோம்பிக்கு அப்போது வயது 30. அப்போரில் மாண்ட ஸ்காட்லாந்து பன்னாட்டு ரக்பி வீரர்கள் ஏறத்தாழ 30 பேர்.

இவருக்குக் கல்லறை இல்லை. பிளிமத் கடற்படை நினைவுச்சின்னத்தில் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. வட கடலின் அடியில் கிடக்கும் டிஃபென்ஸ், போரில் இறந்தோரின் இடமாகப் பிரித்தானியச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படுகிறது.