காசுக்கு மர்மம் விற்றவர்: ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸின் வாழ்வும் எழுத்தும்

மர்மக்கதைகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இலக்கிய அவைகளில் ஒரு குற்றச்சாட்டும் உடன் எழுவதுண்டு. கதை போதாத இடத்தைக் காமத்தால் நிரப்பிவிடுகின்றனர் என்பதே அது. இக்குற்றச்சாட்டு முழுப் பொய்யுமன்று, முழு மெய்யுமன்று. இன்பச்சுவை எங்கே கதையின் உறுப்பாகின்றது, எங்கே கதையின்மேல் பூசிய பூச்சாகி நின்றுவிடுகின்றது என்பதைப் பிரித்துக் காட்டாமல் பொதுப்படப் பழிப்பதனால் எழுதுவோர்க்கும் பயனில்லை, படிப்போர்க்கும் பயனில்லை. பத்தாண்டுக் காலமாகக் கதைகளைக் கூடிப் படித்து வரும் நம் வட்டத்தார்க்கு, இப்பழியை வாழ்நாள் முழுதும் சுமந்த ஓர் எழுத்தாளரின் வரலாறு இவ்வகையில் நல்ல பாடமாக அமையும்.

அவர்தாம் ஜார்ஜ் வில்லியம் மக்ஆர்தர் ரெயினால்ட்ஸ். விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில் பெருங்கூட்டத்தால் படிக்கப்பட்டவர்; கற்றோரால் பெரிதும் வெறுக்கப்பட்டவர். நம் பாட்டனார் காலத்துத் தமிழ் வாசகர்க்கு இப்பெயர் மிகவும் பழக்கமானது. இன்று ஆங்கிலேயரே அவரை மறந்துவிட்டனர் என்னலாம்.

இளமையும் பாரிசு வாழ்க்கையும்

ரெயினால்ட்ஸ் 1814ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் கெண்ட் மாவட்டத்துச் சாண்ட்விச் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தையார் கடற்படை அதிகாரி. அவர் 1822இல் மறைந்தார். மகனும் படைத்தொழிலே கொள்ள வேண்டும் என்னும் எண்ணத்தில் 1828இல் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் சேர்க்கப்பெற்றார். இரண்டே ஆண்டுகளில் அதனை விட்டு நீங்கினார். பின்னர்க் கைக்கு வந்த குடும்பச் சொத்துடன் பிரான்சு நாட்டிற்குச் சென்றார்.

1830ஆம் ஆண்டு ஜூலைப் புரட்சியின் சூடு ஆறாத பாரிசு நகரம் அவ்விளைஞரை ஆட்கொண்டது. குடியரசுக் கொள்கையை அங்கேதான் அவர் கற்றார். சூசன்னா என்னும் நங்கையை மணந்ததும் அங்கேதான். அவ்வம்மையாரும் பிற்காலத்தில் நாவலாசிரியராக விளங்கினார். ஆனால் பத்திரிகைத் தொழிலிலும் நூல் வாணிபத்திலும் கைப்பொருள் கரைந்துபோயிற்று. 1830களின் பிற்பகுதியில் எழுத்தையன்றி வேறு முதல் இல்லாதவராய்த் தாயகம் திரும்பினார்.

அப்போது டிக்கன்ஸின் பிக்விக் கதை நாடெங்கும் பரவியிருந்தது. ரெயினால்ட்ஸ் சிறிதும் கூச்சமின்றி அப்பாத்திரத்தைக் கடன்பெற்று, பிரான்சில் உலவவிட்டு, வெளிநாட்டில் பிக்விக் என்னும் தொடரை எழுதினார். டிக்கன்ஸுக்கு அவர்மேல் இருந்த வெறுப்பிற்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

1839இல் அவர் பிரான்சின் புதிய இலக்கியத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிரெஞ்சு நாவல்கள் ஒழுக்கக் கேடானவை என்று ஆங்கிலத் திறனாய்வாளர் ஒதுக்கிய காலம் அது. சமூகம் எவ்வாறுள்ளதோ அவ்வாறே காட்டும் எழுத்தை ஒழுக்கமற்றது என்று தள்ளலாகாது என அவர் வாதிட்டார். பின்னாளில் தம்மேல் வரவிருந்த வழக்கிற்கு முன்கூட்டியே எழுதிவைத்த மறுமொழிபோல அந்நூல் அமைந்துவிட்டது.

பென்னி இதழின் கட்டாயம்

யூஜின் சூ என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1842, 1843ஆம் ஆண்டுகளில் பாரிசு நகர மர்மங்களை நாளிதழில் தொடராக எழுதிப் பெரும்புகழ் பெற்றார். அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1844இல் ரெயினால்ட்ஸ் லண்டன் நகர மர்மங்கள் என்னும் தொடரைத் தொடங்கினார். வாரம் ஓர் இதழ்; விலை ஒரு பென்னி; இருபத்தியாக அச்சிட்ட எட்டுப் பக்கம்; முதற்பக்கத்தில் ஒரு மரச்செதுக்குப் படம். வாரந்தோறும் ஏறத்தாழ 40,000 படிகள் விற்றன என்பர்.

இந்த எட்டுப் பக்க அளவை மறந்து ரெயினால்ட்ஸை மதிப்பிடுதல் முறையாகாது. கூலியாளின் கையிலுள்ள ஒரு பென்னியை அடுத்த வாரமும் பெற வேண்டுமாயின், இந்த வாரத்து எட்டுப் பக்கத்தில் அச்சமும் வேண்டும், ஆவலும் வேண்டும், முதற்பக்கப் படத்திற்கு ஏற்ற காட்சியும் வேண்டும். குழியில் விழும் மனிதனோ, ஆடை நெகிழ்ந்த பெண்ணோ அப்படத்திற்கு எளிதில் கிடைக்கும் பொருள்கள். ஆகவே இன்பச்சுவை அவர் எழுத்தில் வாணிபத்தின் வாயிலாகவே நுழைந்தது. இதனை மறைத்துப் பேசுவதற்கில்லை. நுழைந்த அதனை அவர் என்ன செய்தார் என்பதே நாம் காணவேண்டியது.

இரண்டு பெண்கள்

லண்டன் நகர மர்மங்களின் தொடக்கம் ஒரு புயலிரவு. ஆண்டு 1831. அழகிய இளைஞன் ஒருவன் ஸ்மித்ஃபீல்டு சந்தைப் பக்கத்துப் பாழ்வீட்டில் ஒதுங்கிக் கொலைஞர் கையில் சிக்குகின்றான். சில அதிகாரங்கள் கழிந்தபின், நகருக்கு வெளியே ஒரு மாளிகையின் படுக்கையறையில் அவ்விளைஞன் பெண் என்பதை வாசகர் காண்கின்றனர். அவள் எலிசா சிட்னி. இறந்துபோன தம்பியின் பெயரில் வரவேண்டிய சொத்தைப் பெறுதற்பொருட்டு ஆணுடை பூண்டிருக்கின்றாள். ஆசிரியர் அவள் எழிலை நின்று நிதானித்தே வருணிக்கின்றார். பிறர் அறைக்குள் எட்டிப்பார்க்கும் குறுகுறுப்பு அதில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அக்காட்சியே மர்மத்தின் முடிச்சுமாகும். அதனை நீக்கினால் கதை நகராது. வாசகன் கண்ணுக்கு விருந்தாவதும் கதைக்குச் செய்தியாவதும் ஒன்றே.

இதனினும் ஆழமானது எல்லன் மன்றோவின் கதை. செல்வனாக இருந்து வறியவனான ஒரு முதியவரின் மகள் அவள். இரவும் பகலும் தைத்தும் தந்தைக்குச் சோறிட முடியவில்லை. கிழவி ஒருத்தி அவளுக்கு வழிகாட்ட முன்வருகின்றாள். முதலில் சுதைப் பொம்மை செய்வோனுக்கு அவள் முகம் அச்செடுக்கப்படுகின்றது. அவ்வேலை முடிந்ததும் ஓவியனுக்கு அவள் சாயல் விற்கப்படுகின்றது. அடுத்துச் சிற்பிக்கு மார்பு. பின்னர் நிழற்படம் எடுப்போனுக்கு முழு உருவம். ஒவ்வொரு படியிலும் வறுமை அவள் உடலில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்குகின்றது. இறுதியில் பணக்காரன் ஒருவனிடம் அவள் கற்பும் விலையாகின்றது.

இப்பகுதியைப் படித்து ஆவல் கொண்ட வாசகர் உண்டு. அஞ்சி நூலை மூடியவரும் உண்டு. ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னே வெற்றுப் பானையும் பின்னே சில காசுகளும் வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்தல் வேண்டும். வருணனை எவ்வளவு வளர்கின்றதோ அவ்வளவு கணக்கும் வளர்கின்றது. பார்த்து மகிழ்ந்த வாசகன், தானும் அவளை விலைகொடுத்துப் பார்த்தவருள் ஒருவன் என்பதை உணர்ந்து நாணும்படி அவ்வரிசை அமைந்துள்ளது. மேலும், வழிதவறிய பெண்ணை இறுதியில் சாகடித்துவிடுவது அக்காலத்து நாவல் வழக்கு. ரெயினால்ட்ஸ் எல்லனைச் சாகவிடவில்லை. மதிப்புடன் வாழவே வைத்தார். நாகரிகம் மிக்க ஆசிரியர் பலர் செய்யத் துணியாத செயல் இது.

இக்கிளைக்கதைகளை எல்லாம் தாங்கும் நடுத்தண்டும் ஒன்றுண்டு. ரிச்சர்டு, யூஜின் என்னும் உடன்பிறந்தார் இருவர் இரண்டு மரங்களின் அடியில் பிரிகின்றனர். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே நாளில் அங்கேயே கூடுவதாக உறுதிசெய்கின்றனர். ஒருவன் நேர்மையால் துன்புறுகின்றான். மற்றவன் வஞ்சத்தால் செழிக்கின்றான். எல்லனைக் கெடுத்தவன் மாற்றுப்பெயரில் உலவும் யூஜினே. குறித்த நாளில் அவன் கொலைக்காயத்துடன் வந்து தம்பியின் முன் மடிகின்றான். எங்கெங்கோ அலைந்த கதையை அந்த நாள் ஒன்றே இழுத்துப் பிடித்து நிறுத்துகின்றது. இத்தகைய தண்டு இருந்தமையாலேயே கிளைகள் எவ்வளவு தழைத்தும் மரம் சாயவில்லை.

தெருவோரத்துக் கேட்போர்

இவற்றைப் படித்தோர் உண்மையில் எதனைச் சுவைத்தனர்? இதற்கு அரிய சான்று ஒன்று கிடைக்கின்றது. லண்டன் ஏழைகளின் வாழ்வை ஆராய்ந்து எழுதிய ஹென்றி மேஹியூ, எழுத்தறியாத தெரு வணிகர் கூடியிருக்க ஒருவர் ரெயினால்ட்ஸின் கதையை உரக்கப் படிக்கும் வழக்கத்தைப் பதிவுசெய்துள்ளார். உயர்குலத்து அழகி ஒருத்தி உள்ளக் கிளர்ச்சியோடு ஓடிவந்து இருக்கையில் சாய்வதைப் படித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்தார் குறுக்கிட்டுப் பேசினராம். இத்தகைய ஆட்டமெல்லாம் பணக்காரர்க்கே உரியது என்றார் ஒருவர். நாம் கொடுக்கும் வரிப்பணம் இவ்வாறுதான் போகின்றது என்று கூவினாள் ஒரு பெண். காமக்காட்சி என்று கற்றோர் முகம்சுளித்த இடத்தில், கல்லாதோர் அரசியலைக் கண்டனர்.

இது தற்செயலன்று. 1848ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் டிரஃபால்கர் சதுக்கத்தில் வரியை எதிர்த்துக் கூட்டம் கூடியது. அதற்குத் தடையும் விதிக்கப்பட்டிருந்தது. கூட்டத்தை அழைத்தவர் வராத நிலையில் ரெயினால்ட்ஸ் தலைமையேற்றுப் பிரெஞ்சுக் குடியரசை வாழ்த்திப் பேசினார். அன்று முதல், அனைவர்க்கும் வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்டு இயக்கத்தின் தலைவருள் ஒருவரானார். 1850இல் தம் பெயரால் வார இதழ் ஒன்று தொடங்கினார். பெயர் மாற்றங்களுடன் அது 1967 வரை நிலைத்தது. மக்களுக்குப் புரட்சித் தலைவர்களான மஸ்ஸினி, கொசுத் ஆகியோரின் பெயர்களை இட்டு மகிழ்ந்தார். அதே 1850இல் டிக்கன்ஸ் தம் புதிய வார இதழின் முகப்புரையில், பெயர் சுட்டாமலே இவரைப் போன்றோரை இழித்துரைத்தார். அவ்வெறுப்பில் ஒழுக்கக் கவலை எவ்வளவு, அரசியல் அச்சம் எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று.

தராசு சாய்ந்த இடம்

ஆயினும் அவரைக் குறையற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. பதிப்பாளருடன் பிணங்கிப் பிரிந்தபின், ஜான் டிக்ஸ் வெளியீடாக லண்டன் அரசவை மர்மங்கள் என்னும் பெருந்தொடரை 1848 முதல் 1856 வரை எழுதினார். அரச குடும்பத்தாரின் கேளிக்கைகளைத் தோலுரிப்பதே அதன் குறிக்கோள். ஆனால் எட்டாண்டு வாரந்தோறும் தோலுரிப்பதென்றால் எத்தனை படுக்கையறைகளைத்தான் திறப்பது? கனியும் கண்கள், விம்மும் மார்பு என ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லன் கதையில் ஒவ்வொரு காட்சியும் அவளை ஒருபடி கீழே இறக்கிற்று. இங்கோ பத்துக் காட்சிகள் கழிந்தும் பாத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். காட்சி நீங்கினாலும் கதை குறைவதில்லை. குற்றச்சாட்டு மெய்யாகும் இடம் இதுவே.

அதே காலத்தில் அவர் எழுதிய தையற்காரியின் கதை இதற்கு மாறானது. ஓர் ஏழைப்பெண் தைத்த பட்டாடை எத்தனை இடைக்கைகள் மாறிச் சீமாட்டியைச் சேர்கின்றது, ஒவ்வொரு கையும் எவ்வளவு இலாபம் எடுக்கின்றது என்பதை அது கணக்கிட்டுக் காட்டும். நோக்கம் தெளிவானபோது அவர் கை தானே அடங்கிற்று.

1858இல் மனைவியார் மறைந்தார். அதன்பின் ரெயினால்ட்ஸ் நாவல் எழுதுவதை ஏறத்தாழ நிறுத்திவிட்டு இதழ்ப்பணியிலேயே நாள் கழித்தார். 1879ஆம் ஆண்டு ஜூன் திங்களில் லண்டனில் காலமானார். தம் காலத்தில் மிகுதியாகப் படிக்கப்பெற்ற எழுத்தாளர் இவரே என்று புத்தக வணிகர் ஏடு ஒன்று எழுதியது.

தமிழகம் வந்த வழி

அவர் மறைந்தபின் அவர் நூல்கள் இந்தியாவில் பரவலாகப் படிக்கப்பட்டன. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவர் கதைகளைத் தமிழ் மண்ணுக்கேற்ப மாற்றித் தந்தனர். வியப்புக்குரிய செய்தி, சைவச் சான்றோரும் தனித்தமிழ் முதல்வருமான மறைமலையடிகளின் குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி என்னும் நாவல் ரெயினால்ட்ஸின் லைலாவைத் தழுவியது என்பதாகும். இழிந்த எழுத்தாளர் என்று ஒதுக்கப்பட்டவரிடம் அடிகளார் கதை கட்டும் திறத்தைக் கண்டார், வேண்டுவதைக் கொண்டார், தம் தமிழுக்கு வேண்டாததை விடுத்தார். தராசைப் பிடிக்கத் தெரிந்த கை அது.

இன்று மர்மக்கதை எழுத முனையும் நம் இளைஞர்க்கு ரெயினால்ட்ஸின் வாழ்வு உணர்த்துவது ஒன்றே. இன்பச்சுவையின் அளவைப் பக்கக் கணக்கால் நிறுக்க முடியாது. அக்காட்சி முடிந்தபின் பாத்திரம் இருந்த இடத்தில் இல்லாமல் வேறிடம் சேர்ந்திருக்கின்றதா, வாசகன் முன்பறியாத ஒன்றை அறிந்திருக்கின்றானா என்பதே அளவுகோல். ஆம் என்றால் அது கதை. இல்லையென்றால் முதற்பக்கப் படம். ரெயினால்ட்ஸ் இரண்டையும் எழுதினார். படங்கள் மங்கிவிட்டன. எல்லன் மன்றோவோ இன்றும் நம்மை நாணச் செய்கின்றாள்.