தெருவுக்கு வந்த மதகுரு

மதகுருமார்களைப் பற்றி நமக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது என்பதை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். அரசன் அடித்தால், அடிபட்டவனிடம் போய் அது ஆண்டவன் சோதனை என்று சொல்லித் தேற்றுவதுதான் எல்லா மதத்திலும் பெரும்பாலும் அவர்கள் செய்துவந்த வேலை. அந்த எண்ணத்தை நாம் மாற்றிக்கொண்டுவிடவில்லை. ஆனாலும், ரபி என்று அழைக்கப்படும் யூத குருமார்களில் ஒருவரான ஆபிரகாம் ஜோசுவா ஹெஷலின் வாழ்க்கையைப் பார்க்கும்போது, அந்தக் கணக்கிலே அவரைச் சேர்க்க நமக்கு மனம் வரவில்லை.

1907 ஜனவரியில் வார்சா நகரில் பிறந்தவர். தந்தை வழியிலும் தாய் வழியிலும் தலைமுறை தலைமுறையாகக் குருபீடத்தில் இருந்த குடும்பம். அவருக்கு வைத்த பெயரே பீடத்திலிருந்த மூதாதை ஒருவரின் பெயர்தான். இருந்த இடத்தில் இருந்தாலே சீடர்கள் தேடி வந்திருப்பார்கள். அவரோ வில்னாவுக்குப் போய் உலகப் படிப்புப் படித்தார். இத்திஷ் மொழியிலே கவிதை எழுதினார். பிறகு பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளை. தீர்க்கதரிசி என்றால் வருவதை முன்கூட்டிச் சொல்லுகிறவன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஹெஷல் கண்ட தீர்க்கதரிசி வேறு. ஏழையின் நிலத்தைப் பறித்தவனையும் கள்ளத் தராசு வைத்தவனையும், அவன் அரசனேயானாலும், முகத்துக்கு நேரே நின்று கேட்டவன். இந்த ஆராய்ச்சிக்கான தேர்வு முடிந்தது 1933 பிப்ரவரியில். ஹிட்லர் பதவிக்கு வந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை!

1938 அக்டோபர் இறுதியில், ஜெர்மனியிலிருந்த போலந்து யூதர்கள் ஏறத்தாழ 17,000 பேரை நாஜிகள் பிடித்து எல்லைக்கு விரட்டினார்கள். பிராங்க்பர்ட்டில் ஆசிரியராக இருந்த ஹெஷலும் அதிலே ஒருவர். 1939 ஜூலையில் வார்சாவைவிட்டு லண்டன் போனார். ஆறு வாரத்தில் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. தாயும் மூன்று சகோதரிகளும் நாஜிகளால் மாண்டார்கள். அவர் 1940இல் அமெரிக்கா சேர்ந்தார். சின்சினாட்டியிலும், பிறகு நியூயார்க்கிலும், குருமார்களை உருவாக்கும் கல்லூரிகளிலே பேராசிரியர். மதிப்பான வேலை, படித்தவர்கள் பாராட்டிய நூல்கள். இத்தனை துன்பப்பட்டவர் இனி அமைதியாக இருக்கட்டுமே என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவரால் இருக்க முடியவில்லை. அண்டை வீட்டுக்காரன் வாய்மூடி இருந்ததால் தன் குடும்பம் அழிந்ததைக் கண்டவர், கறுப்பு மக்களின் துன்பத்தைப் பார்த்துக்கொண்டு தானே வாய்மூடிய அண்டை வீட்டுக்காரனாக இருப்பதா என்று கேட்டுக்கொண்டார் போலும். 1963 ஜனவரியில் சிகாகோவில், மதமும் இனமும் பற்றிக் கூடிய மாநாட்டிலே பேசினார். மார்ட்டின் லூதர் கிங்கை அங்கேதான் சந்தித்தார். அதே ஆண்டு ஜூனில் குடியரசுத் தலைவர் கென்னடி மதத்தலைவர்களை அழைத்தபோது, முதல் நாளே அவருக்கு ஒரு தந்தி கொடுத்தார். கறுப்பு மக்களை இழிவு செய்துகொண்டிருக்கும் வரையில் நமக்குக் கடவுளைத் தொழும் உரிமையே இல்லை என்பது அதன் சாரம். அதோடு நிற்கவில்லை. கறுப்பு மக்களின் வீட்டுக்கும் கல்விக்குமாக ஒவ்வொரு மதத்தலைவரும் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கும்படி கேளுங்கள் என்றார். சக குருமார்களின் பணப்பையிலேயே கைவைத்த மதகுருவை நாம் கண்டது அபூர்வம்!

அலபாமா மாநிலத்துச் செல்மா நகரம் இருக்கும் மாவட்டத்தில் பாதிப்பேருக்கு மேல் கறுப்பு மக்கள். ஆனால் அவர்களிலே வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே. வாக்குரிமை கேட்டு 1965 மார்ச் 7ஆம் நாள் புறப்பட்ட சுமார் 600 பேரைப் பாலத்தின்மீது குதிரைப் போலீசும் கண்ணீர்ப்புகையும் எதிர்கொண்டன. இரத்தம் சிந்திய அந்த ஞாயிறுக்குப் பின், 21ஆம் நாள் மறுபடியும் ஊர்வலம் கிளம்பியது. முன்வரிசையிலே, கிங் நடந்த அதே வரிசையிலே, வெண்தாடியோடு ஹெஷல். ஹவாயிலிருந்து வந்த பூமாலை எல்லோர் கழுத்திலும். பீடத்தில் உட்கார்ந்து மாலை வாங்கும் குருமார்கள் எங்கும் உண்டு. தடியடி நடந்த பாலத்தில் மாலையோடு நடந்தவர் இவர். நடந்ததையே தொழுகையாகக் கருதினார். நமக்குத் தொழுகையில் நம்பிக்கை இல்லை, நடையில் உண்டு. ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று.

அவருடைய சொந்தச் சமூகத்திலேயே இதையெல்லாம் விரும்பாதவர்கள் இருந்தார்கள். வியட்நாம் போரை எதிர்க்க 1965இல் பாதிரிமார்களோடு சேர்ந்து அவர் அமைப்புக் கண்டபோது முணுமுணுப்பு வளர்ந்தது. வாஷிங்டனைப் பகைத்தால் இஸ்ரேலுக்கு உதவி குறையுமே என்ற அச்சம். ஹெஷல் பின்வாங்கவில்லை. 1967 ஏப்ரல் 4இல் நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் கிங் அந்தப் போரைக் கண்டித்தபோது, மேடையில் ஹெஷலும் இருந்தார்.

ஒரு குறையையும் நாம் சொல்லத்தான் வேண்டும். 1967 போருக்குப் பின் இஸ்ரேலைப் பற்றி அவர் எழுதி 1969இல் வந்த நூலைப் பார்க்கிறோம். வியட்நாமியத் தாயின் கண்ணீரைக் கண்ட கண், வீடிழந்த பாலஸ்தீனத் தாயின் கண்ணீரை அதே அளவுக்குக் காணவில்லை என்பது நமது கருத்து. தன்னவர் என்று வரும்போது பெரியவர்களுக்கும் பார்வை மங்குகிறது.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடுவது யூதர்களின் பஸ்கா பண்டிகை. 1968ஆம் ஆண்டுப் பண்டிகை விருந்துக்கு கிங்கின் குடும்பத்தைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார் ஹெஷல். பண்டிகைக்குச் சில நாள் முன்பு, ஏப்ரல் 4இல், மெம்பிசில் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். விருந்துக்கு அழைத்தவர், அட்லாண்டாவில் நடந்த இறுதிச் சடங்கிலே பழைய ஏற்பாட்டை வாசித்தார்.

அடுத்த ஆண்டே இதயநோய் அவரைக் கடுமையாகத் தாக்கியது, உடல் தளர்ந்தது. ஆனாலும் 1972 டிசம்பரில், போரை எதிர்த்துச் சிறைசென்ற பிலிப் பெரிகன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் விடுதலையானபோது, டான்பரி சிறைவாசலுக்குக் குளிரிலே போய் நின்று வரவேற்றார். சில நாளில், 23ஆம் நாள், ஓய்வு நாளான சனிக்கிழமையன்று தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அந்த வாரம் முழுவதும் ஹனாய் நகரத்தின்மீது அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன.