கிரேக்க நாடக நங்கை மெலினா மெர்கூரி

கிரேக்க நாட்டில் இளம் நடிகர்களுள் நம்பிக்கை அளிப்பவர்களைத் தேர்ந்து ஆண்டுதோறும் இரு விருதுகள் வழங்கும் வழக்கம் உண்டு. ஆடவர்க்குரியது, திமித்ரிஸ் ஹோர்ன் என்னும் பெருநடிகரின் பெயரால் அமைந்தது. மகளிர்க்குரியது, 2007ஆம் ஆண்டில் மெலினா மெர்கூரியின் பெயரால் தோன்றியது. இதில் பரிசாகக் கிடைப்பது மெலினாவுக்குரிய உடையூசி ஒன்று. பெற்றவர் அதனை என்றென்றைக்கும் தமதாக்கிக் கொள்ள இயலாது. ஓராண்டு வைத்திருந்து, அடுத்து வரும் நடிகையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மேடைப்புகழின் இயல்பை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பொருத்தம் விளங்கும்.

மெலினா 1920 அக்டோபர் 18 அன்று ஏதென்ஸில் பிறந்தார். பாட்டனார் ஸ்பிரிதோன் அந்நகரின் மேயராகப் பல்லாண்டுகள் இருந்தவர். தந்தை ஸ்தமாதிஸ் நாடாளுமன்ற உறுப்பினர். அரசியல் பேச்சு ஓயாத வீடு. எனினும் அத்தகைய குடும்பத்துப் பெண் நடிகையாவதைப் பெரியோர் எவரும் விரும்பவில்லை. பானோஸ் ஹரோகோபோஸ் என்ற செல்வரை மெலினா இளம் வயதிலேயே மணந்ததற்கு, வீட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடும் வேட்கையும் ஒரு காரணம் எனலாம்.

தேசிய நாடக அரங்கின் பள்ளியில் அவர் பயின்ற காலம் ஜெர்மானியர் ஏதென்ஸைக் கைப்பற்றியிருந்த காலம். 1941-42 குளிர்காலத்தில் அந்நகர மக்கள் பட்டினியால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். மெலினாவோ வசதியாகவே வாழ்ந்தார். இந்தக் குற்றச்சாட்டு அவரை நெடுங்காலம் தொடர்ந்தது. 1971இல் வெளியான தன்வரலாற்றில் அவரே இதனை மூடி மறைக்காமல் எழுதியுள்ளார். அவருடைய பிற்காலத் துணிச்சலைப் போற்றும் நூல்கள் பல இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. அது முறையன்று. பின்னாளில் அவர் காட்டிய வேகத்துக்கு இந்த உறுத்தலும் ஒரு விதையாக இருந்திருக்கக்கூடும்.

1944இல் பள்ளிப்படிப்பு முடிந்தது. யூஜின் ஓநீலின் நாடகத்தில் லவீனியாவாக நடித்தது முதல் பெரும் முயற்சி. நிலையான பெயரைத் தந்தது 1949ஆம் ஆண்டு. கரோலோஸ் கூன் தம் கலை அரங்கில் டென்னசி வில்லியம்ஸின் 'ஆசை என்னும் பெயருடைய டிராம் வண்டி'யை மேடையேற்றியபோது, நொறுங்கிப்போகும் பிளாஞ்ச் என்னும் மாதாக மெலினா தோன்றினார். கூன், நடிகரின் உள்ளத்தைத் தோண்டி எடுக்கும் ஆசிரியர். உயரமான உடல், கரகரத்த குரல், அகன்ற வாய் எனக் குறையாகக் கருதப்பட்டவை அவர் கையில் பலமாயின.

1955இல் மைக்கேல் ககோயானிஸ் இயக்கிய 'ஸ்டெல்லா' வெளிவந்தது. காதலிப்பாள், ஆனால் மணக்க மாட்டாள்; அதற்கு உயிரையே விலையாகக் கொடுப்பாள். அத்தகைய ஒரு மதுவிடுதிப் பாடகியின் கதை அது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் இப்படத்துடன் சென்ற மெலினா, அங்கே ஜூல்ஸ் தாசினைச் சந்தித்தார். தாசின், அமெரிக்காவில் இடதுசாரிகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து வேலையின்றி ஒதுக்கிய காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறிய இயக்குநர். நாடிழத்தல் என்றால் என்ன என்பதை மெலினா அவரிடமிருந்தே முதலில் அறிந்தார். 1966இல் இருவரும் மணந்தனர்.

தாசின் இயக்கிய 'ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்' (1960) பிரேயஸ் துறைமுகத்து விலைமகள் ஒருத்தியைப் பற்றியது. பழைய துன்பியல் நாடகங்களைக் கண்டு களிக்கும் இப்பெண், மெதேயா தன் மக்களைக் கொன்றாள் என்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டாள். நாடகம் முடிந்ததும் அனைவரும் கடற்கரைக்குச் சென்றதாகவே சாதிப்பாள். இவ்வேடத்துக்காக மெலினாவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. மனோஸ் ஹஜிதாகிஸின் பாடல் ஆஸ்கர் விருது பெற்று உலகெங்கும் ஒலித்தது. அதன்பின் வந்த படங்களில் இதே கலகலப்பான பெண்ணின் சாயலே திரும்பத் திரும்ப வந்தது என்று குறை கூறுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு.

1967 ஏப்ரல் 21 அன்று இராணுவத் தளபதிகள் கிரேக்க ஆட்சியைக் கைப்பற்றினர். மெலினா அப்போது நியூயார்க்கில், அதே படக்கதையின் இசைநாடக வடிவில் நடித்துக்கொண்டிருந்தார். வாய் மூடி இருந்திருந்தால் எந்த இழப்பும் நேர்ந்திராது. அவர் பேசினார். சில மாதங்களில் அமைச்சர் பத்தகோஸ் அவருடைய குடியுரிமையைப் பறித்தார், சொத்துக்கள் முடக்கப்பட்டன. பிறப்பால் வந்ததை ஓர் ஆணையால் நீக்க இயலாது என்ற பொருளில் மெலினா தந்த மறுமொழி உலக நாளேடுகளில் இடம்பெற்றது. ஏழாண்டுக் காலம் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் பாடியும் பேசியும் கொடுங்கோன்மையை எதிர்த்தார். 1974 ஜூலையில் இராணுவ ஆட்சி சரிந்த சில நாள்களில் தாயகம் திரும்பினார்.

அவ்வாண்டுத் தேர்தலில் பிரேயஸ் பகுதியில் மிகச் சில வாக்குகளில் வெற்றியை இழந்தார். 1977இல் அதே பகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. இதற்கிடையே 1976இல் மெதேயாவாகவே மேடையேறினார். திரையில் அந்த அன்னையின் கொடுஞ்செயலை நம்ப மறுத்த முகம், இம்முறை அச்செயலைத் தானே ஏற்றது. 1980இல் கூன் எபிதவ்ரோஸ் தொல்லரங்கில் அளித்த 'ஒரெஸ்தையா'வில் கிளைத்தம்நெஸ்திரா வேடம். மறு ஆண்டு அவர் பண்பாட்டு அமைச்சரானார்.

அமைச்சரான நடிகைக்கு அலங்காரப் பதவியே கிடைத்தது என நகைத்தோர் ஏமாந்தனர். 1982இல் மெக்சிகோவில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் பார்த்தெனான் சிற்பங்களைத் திருப்பித் தருமாறு கோரினார். ஓட்டோமன் ஆட்சியின்போது எல்ஜின் பிரபு பெயர்த்தெடுத்து, 1816இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 35,000 பவுனுக்கு வாங்கிய சிற்பங்கள் அவை. 1986இல் ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்திலும் அதையே வாதிட்டார். ஐரோப்பியப் பண்பாட்டு நகரம் என்ற திட்டம் அவர் முயற்சியால் உருவாகி, 1985இல் ஏதென்ஸே முதல் நகரமாயிற்று. இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படுவது, 1983 முதல் நகராட்சிகளின் பொறுப்பில் மாநிலங்கள்தோறும் நாடக அரங்குகள் அமைய அவர் வழிசெய்தது. தலைநகருக்கு வர இயலாத இளைஞர்க்கு அவரவர் ஊரிலேயே மேடை கிடைத்தது. நாடகக்காரர் கண்ணுக்கு இதுவே அவருடைய முதற்பெரும் பணி எனத் தோன்றும்.

1990இல் ஏதென்ஸ் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். பாட்டனாரின் நாற்காலி அவருக்குக் கிட்டவில்லை. 1993இல் மீண்டும் அமைச்சரானார். ஆனால் புகைப்பழக்கத்தை விடாத அவரை நுரையீரல் புற்றுநோய் பற்றியிருந்தது. 1994 மார்ச் 6 அன்று நியூயார்க் மருத்துவமனையில் மறைந்தார். ஏதென்ஸில் அரசு மரியாதையுடன் நடந்த இறுதி ஊர்வலத்தில் மக்கள் வெள்ளமாய்த் திரண்டனர்.

அவர் பெயரால் அறக்கட்டளை நிறுவி, சிற்பங்களின் மீட்புக்காக உழைத்தவர் தாசின். இளம் நடிகையருக்கான உடையூசி விருது தொடங்கியதைப் பார்த்துவிட்டு 2008 மார்ச் 31 அன்று அவரும் காலமானார். புதிய அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் 2009 ஜூனில் திறக்கப்பட்டபோது, இலண்டனில் உள்ள சிற்பங்களின் இடங்களில் வெண்சுண்ண வார்ப்புகள் வைக்கப்பட்டிருந்தன.