கிராமத்தின் கணக்கர்: ஜே. ஸி. குமரப்பா

மேற்கே வானளாவி நிற்கும் ஏலமலைத் தொடரின் அடிவாரத்தில் தேவாரம் என்னும் ஊர் இருக்கின்றது. நாம் பிறந்து வளர்ந்த ஊர் அது. அவ்வூரிலிருந்தும் போடிநாயக்கனூர், கம்பம் முதலிய அண்டை ஊர்களிலிருந்தும் ஆடவரும் பெண்டிரும் விடியுமுன்னரே ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறுவர். கேரளத்து ஏலத்தோட்டங்களில் நாள் முழுதும் குனிந்து காயெடுப்பர். பொழுது சாயும் வேளையில் வீடு திரும்புவர். விடுமுறை நாட்களில் அன்னையுடன் நாமும் அங்ஙனம் சென்றதுண்டு.

நாம் மேனிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், மாணாக்கர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு தொழிலை நேரிற் கண்டு, தாம் அறிந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதித் தருதல் வேண்டும் என்று பணிக்கப்பட்டது. வசதியுடைய தோழர்கள் தொலைவிலுள்ள ஆலைகளைக் கண்டு வந்தனர். நாமோ ஒரு தோழனின் ஏட்டைப் பார்த்து, ஒருநாளும் கண்டிராத ஓர் ஆலையைக் கண்டதாக எழுதிக் கொடுத்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். எந்தக் காய் பறிக்கும் பருவத்தது, எது இன்னும் முற்றாதது என்பதை நம் விரல்கள் அறிந்திருந்தன. ஆயினும் அதுவும் கல்வியெனத் தகும் என்று நமக்குத் தோன்றவில்லை. அன்னையின் கூலிவேலையை ஏட்டில் எழுத நாணினோம் என்பதே உண்மை.

கல்லூரிக்கு வந்தபின் ஜே. ஸி. குமரப்பா அவர்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அந்நாணம் எத்துணைப் பேதைமை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. தம் இறுதி ஆண்டுகளை நம் மதுரைச் சீமையிலேயே கழித்த அப்பெரியாரின் வாழ்க்கையை, அனுபவக் கல்வியைப் பற்றிய பேச்சு மிகுந்துள்ள இந்நாளில், நம் மாணவ நண்பர்கள் அறிதல் நன்று எனக் கருதி ஈண்டுச் சுருக்கமாக வரைகின்றோம்.

இளமையும் கல்வியும்

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். குமரப்பா என்பது முன்னோர் வழிப் பெயர். அதனை அவரும் அவருடைய உடன்பிறந்தார் சிலரும் பிற்காலத்தில் மேற்கொண்டனர். சென்னையில் கல்வி பயின்றபின் இலண்டன் மாநகர் சென்று, கணக்குத் தணிக்கைத் தொழிலைக் கற்றுத் தேறினார். 1919-இல் இந்தியா திரும்பிப் பம்பாயில் தணிக்கையாளராக அமர்ந்தார். மேனாட்டு உடையும் மேனாட்டு நடையும் அவருக்கு இயல்பாகிவிட்டன. பொருளும் புகழும் சேர்ந்தன. அவர் அங்ஙனமே இருந்திருப்பின் செல்வர் பலருள் ஒருவராய் வாழ்ந்து மறைந்திருப்பார்.

1927-இல் அவர் அமெரிக்கா சென்றார். ஸிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்திற் பட்டம் பெற்று, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசாங்க நிதியியலை ஆராயத் தொடங்கினார். செய்து கற்றலே கல்வி என்னும் கொள்கையை உலகறியப் பரப்பிய ஜான் டூயி அக்காலத்தில் அப்பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராக விளங்கினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருநாள் குமரப்பா, இந்தியா ஏன் வறுமையில் வாடுகின்றது என்னும் பொருள்பற்றி ஒரு தேவாலயத்தில் உரையாற்றினார். அவ்வுரையின் செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதனைக் கண்ட அவருடைய ஆசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆராயுமாறு தூண்டினார். நூல்களையும் அரசாங்கக் கணக்குகளையும் புரட்டப் புரட்ட, அன்னிய ஆட்சியின் வரிமுறையே நம் நாட்டு வறுமைக்குப் பெருங்காரணம் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். ஆயினும் வறியவர் ஒருவரின் வீட்டுக் கணக்கை அவர் அதுகாறும் கண்டதில்லை.

மாத்தர் தாலூக்கா

1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், தம் ஆராய்ச்சியை அச்சிடுவது குறித்துக் காந்தியடிகளைக் காணச் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். பட்டுடை அணிந்து, கையிற் கோல் தாங்கி நடந்தவர், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு, சிறிது நேரம் வேடிக்கை பார்த்து நின்றார். தாம் காணவந்தவர் அவரே என்பது பின்னரே தெரிந்தது. உடனே பட்டுடையையும் பொருட்படுத்தாது அத்தரையிலேயே அமர்ந்தார். அன்று தொடங்கியது அவருடைய இரண்டாவது கல்வி.

குஜராத்திலுள்ள கிராமங்களின் பொருள்நிலையை ஆராய்ந்து தருமாறு அடிகள் அவரை வேண்டினார். குஜராத் வித்யாபீடத்தின் தலைமையில் இருந்த காகா காலேல்கருக்கோ ஓர் ஐயம் எழுந்தது. குஜராத்தி மொழி அறியாத ஒருவர் குஜராத்திக் குடியானவரிடம் யாது அறிவார் என்பதே அது. அக்குறையை வித்யாபீடத்து மாணவர்கள் நீக்கினர். 1929-30-இல் அவர்கள் குமரப்பாவுடன் கேடா மாவட்டத்து மாத்தர் தாலூக்காவிற் புகுந்து, ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்களில் ஆராய்ச்சி நிகழ்த்தினர். நிலம் எவ்வளவு, கால்நடை எத்தனை, கடன் யாது, உண்பது யாது, அரசுக்குக் கட்டுவது யாது என்று குடும்பங்கள்தோறும் வினவிக் குறித்தனர்.

இவ்வாராய்ச்சியில் ஆசிரியர் மாணவரை நம்பியிருந்தார். மாணவர் குடியானவரை நம்பியிருந்தனர். மாணாக்கர் கையெழுத்தில் ஓர் எண் பிழைபடின் ஒரு குடும்பத்தின் வறுமை மறைந்துவிடும். ஆதலின் மதிப்பெண்ணுக்காக எழுதும் ஏட்டிற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. உழவர் தம் செலவுக்கே போதாத வருவாயிலிருந்து நிலவரி செலுத்தி வந்தனர் என்பதை அவ்வறிக்கை கணக்கால் மெய்ப்பித்தது. பேராசிரியர்கள் விவாதித்து வந்த ஒரு கருத்தை மாணவர்களின் நடையும் உழைப்பும் சான்றோடு நிறுவின.

உண்மைக் கணக்கு

உப்பு அறப்போரின்போது அடிகள் சிறைப்பட்டபின் குமரப்பா ‘யங் இந்தியா’ இதழை நடத்தி, தாமும் பலமுறை சிறை சென்றார். 1934-இல் பீஹார் நாட்டைப் பெரும் பூகம்பம் தாக்கியபோது, நிவாரண நிதியின் கணக்குகளைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தொண்டர்க்குரிய நாட்செலவுக்கு மிகச் சிறிய தொகையொன்றை அவர் வரையறுத்தார். காந்தியடிகளும் அவர்தம் பரிவாரமும் அங்கு வந்தபோது, அவர்கள் செலவை அந்நிதியிலிருந்து கொடுத்தற்கியலாது என்று மறுத்துவிட்டார். அடிகள் அதனை ஏற்று மகிழ்ந்தார். ஏழைகளுக்கென்று வந்த பணத்தில் மகாத்மாவும் பங்கு கொள்ளலாகாது என்று உரைத்த அத்தணிக்கையாளரின் நெஞ்சுரத்தை என்னென்பது!

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். வார்தாவிலுள்ள மகன்வாடியில் எண்ணெய்ச் செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், மட்பாண்டம் முதலிய தொழில்கள் ஆராய்ந்து திருத்தப்பட்டன. கிராமத் தொண்டர் பலர் அங்குப் பயிற்சி பெற்றனர். இலண்டனிற் கணக்குக் கற்றவர், செக்கின் உரலில் எத்துணை எண்ணெய் வீணாகின்றது என்று அளந்து பார்க்கும் நிலையை எய்தினார்.

வார்தாக் கல்வித் திட்டம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய நாட்களில் அடிகளின் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடிற்று. அதன் முடிவுகளைத் திட்டமாக வகுக்க டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவில் குமரப்பாவும் ஓர் உறுப்பினர். யாழ்ப்பாணத்துத் தமிழராகிய ஆரியநாயகம் அதன் அமைப்பாளராக விளங்கினார்.

ஏழு வயது முதல் பதினான்கு வயதுவரை தாய்மொழி வாயிலாக இலவசக் கட்டாயக் கல்வி வேண்டும் என்றும், ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு பிற பாடங்கள் அமைதல் வேண்டும் என்றும் அக்குழு கூறிற்று. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கே ஒதுக்கப்பட்டது. தாய்மொழிக்கு 40 நிமிடமும், இசை, ஓவியம், கணக்கு ஆகியவற்றிற்கு 40 நிமிடமும், சமூக இயலுக்கும் விஞ்ஞானத்திற்கும் 30 நிமிடமும் வகுக்கப்பட்டன. கைத்தொழிலின் நேரம் கைகளுக்கு மட்டும் உரியதன்று. நூற்ற நூலை எண்ணுங்கால் கணக்கும், பருத்தி விளையும் மண்ணை ஆயுங்கால் பூகோளமும், நெசவு நலிந்த வரலாற்றைக் கேட்குங்கால் சரித்திரமும் பிறத்தல் வேண்டும். அங்ஙனம் பிறவாவிடின் அது வெறும் வேலையே.

இவ்விடத்தில் ஓர் அபாயமும் இருந்தது. மாணவர் செய்த பொருளின் விலையால் பள்ளிச் செலவு ஈடாதல் வேண்டும் என்னும் கருத்துப் பலர்க்கு ஐயம் விளைத்தது. பள்ளி தொழிற்சாலையாகவும் ஆசிரியர் மேஸ்திரியாகவும் மாறிவிடலாகாதே என்று அஞ்சினர். வருவாயை நாடிக் கல்வியின் பண்பாட்டு நோக்கத்தைக் கைவிடலாகாது என்று அக்குழுவின் அறிக்கையே எச்சரித்தது.

நம் மாகாணத்தில் பிறிதோர் அபாயமும் தோன்றிற்று. 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை 3 மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டுத்தொழிலைக் கற்குமாறு ஒரு திட்டம் வகுத்தார். தந்தையின் சாதித்தொழிலையே மகன்மேற் சுமத்தும் குலக்கல்வி அது என்று பெரியாரும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. நம்மைப் போன்ற கூலிக்குடும்பத்துப் பிள்ளைகள் அவ்வெதிர்ப்பின் பயனை அனுபவிக்கின்றோம். அதனை மறத்தல் நன்றி கொல்லுதலாகும். கைத்தொழில் கல்வியாவது செல்வர் மகனும் வறியவர் மகளும் ஒரே அறையில் அதனைக் கற்கும்போதுதான். ஏழைப் பிள்ளைக்கு மட்டும் அது விதிக்கப்படின், பாடம் என்னும் பெயரிட்ட பழைய தளையே ஆகும்.

இறுதி நாட்கள்

1942 இயக்கத்தையொட்டிச் சிறைப்பட்ட குமரப்பா, அங்கிருந்தே ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் கருத்துடைய நூலையும், இயேசு பெருமானின் வாழ்வும் போதனையும் பற்றிய ஒரு நூலையும் எழுதினார். முன்னைய நூலில் தேனீயை அவர் எடுத்துக்காட்டியது நம் ஏலமலை மக்களுக்கு எளிதில் விளங்கும். தேனீ மலரிலிருந்து தேனைக் கொள்ளும்போதே அம்மலர் காய்க்கவும் உதவுகின்றது. சேர்த்த தேனைத் தன் கூட்டுக்கே அளிக்கின்றது. தேனீ வாராத தோட்டத்தில் ஏலச்சரம் பூத்தும் காய் பிடிப்பது அரிது.

1950-களில் அவர் மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தைத் தம் உறைவிடமாக்கிக் கொண்டார். உடல் நலிந்த நிலையிலும் எளிய வாழ்வே வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர்க்கு உடைமையென்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், அடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் அவர் உயிர் நீத்தார்.

நாம் கொள்ளத்தக்கது

குமரப்பா மறைந்தபின்னரும் அவர் நாடிய கல்வி வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டேயிருக்கின்றது. 1964-66 கோத்தாரி ஆணைக்குழு வேலை அனுபவம் வேண்டும் என்றது. 1977-இல் ஈசுவரபாய் பட்டேல் குழு சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலை என்றது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர் பத்து நாட்கள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தொழில் வல்லாரிடம் பயிலலாம் என்றது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1992-இல், உயர்நிலைக் கல்வி முடிக்கும் மாணவர் 75 மணி நேரம் சேவைவழிக் கல்வி பெற வேண்டும் என விதித்தது. விதிகள் நல்லனவே. ஆனால் நாம் செய்ததுபோல் ஏட்டைப் பார்த்து எழுதும் மாணவனை எவ்விதி திருத்தவல்லது? நாட்களையும் மணிகளையும் எண்ணுதல் எளிது. உண்மையை எழுதச் செய்தலே அரிது. பிள்ளை நாணாது எழுதுவதற்கு, அவன் வீட்டுத் தொழிலும் ஆராயத்தக்கதே என்று பள்ளி முன்கூட்டிச் சொல்லுதல் வேண்டும். அவன் அத்தொழிலிலேயே நின்றுவிட வேண்டுவதில்லை என்றும் உடன் சொல்லுதல் வேண்டும். எழுதிய கணக்கை எவரிடமிருந்து பெற்றானோ அவரிடமே படித்துக் காட்டுதலும் வேண்டும்.

சென்ற விடுமுறையில் தேவாரத்தில் இருந்தபோது ஒரு புதிய ஏடு வாங்கினோம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாவது எங்ஙனம், போடிநாயக்கனூர் ஏலத்தில் அது பெறும் விலை என்ன, அன்னை பெறும் கூலி என்ன, ஜீப்பிற் செல்லும் நேரம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதினோம். இரவில் விளக்கடியில் அமர்ந்து அன்னைக்குப் படித்துக் காட்டினோம். அன்னை செவிமடுத்திருந்து, இரண்டு இடங்களில் நம் கணக்குத் தவறென்று திருத்தினார். அவ்விரு திருத்தங்களையும் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கின்றோம்.