நந்தனார் நெறியில் ஒரு துறவி

கோலார் தங்கவயலில் 1880-இல் ஆங்கிலேய நிறுவனம் ஒன்று பெருமளவில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து எண்ணற்ற ஏழைக் குடும்பங்கள் அங்கே பிழைப்புத் தேடிச் சென்றன. பூமியின் ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்த அந்த மக்களுக்குச் சொந்த ஊரில் பொதுக்கிணறும் இல்லை. கோயில் வாயிலும் இல்லை.

அத்தகைய குடும்பம் ஒன்றில், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், 27.1.1890 அன்று பிறந்தவர் முனிசாமி. திண்டிவனத்தில் கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் பயின்றார். மதம் மாறினால் மேற்படிப்பும் நல்வாழ்வும் கிட்டும் என்ற நிலை வந்தபோது அவர் இசையவில்லை. படிப்பு நின்றது. பெற்றோர் இருந்த தங்கவயலுக்குச் சென்றார்.

இழப்பாகத் தோன்றிய அதுவே அவருக்குப் பேறாக அமைந்தது. அங்கே நீலமேக சுவாமிகளின் தொடர்பால் ஆன்மிக நாட்டம் வளர்ந்தது. பின்னர் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து வேதாந்தம் பயின்றார். குருநாதர் அவருக்குச் சகஜானந்தர் என்று பெயரிட்டார்.

1910-இல் அவர் சிதம்பரம் வந்தார். தீண்டாமையால் வாயிலுக்கு வெளியே நின்று நந்தனார் உருகிய தலம் அது. நந்தனாரைப் பணிவின் வடிவமாக மட்டும் பலர் கண்டனர். சகஜானந்தரோ அவரைத் தம் மக்களின் உரிமைக்குச் சான்றாகக் கண்டார். 1916-இல் சில மாணவர்களுடன் நந்தனார் கல்விக் கழகப் பள்ளியைத் தொடங்கினார். இல்லறம் துறந்த அவர் ஏழைப் பிள்ளைகள் பலருக்குத் தந்தையானார். உணவும் உறைவிடமும் எழுத்தறிவும் தந்தார். பெண்களும் கற்க வழிசெய்தார்.

துறவிக்குச் சட்டசபை எதற்கு என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. சென்னை மாகாணச் சட்டசபையில் நிலம், கல்வி, ஆலய நுழைவு ஆகியவற்றுக்காக வாதாடினார். வசை பாடியோரையும் அவர் பகைக்கவில்லை, கோரிக்கையையும் கைவிடவில்லை. 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறி, தில்லைக் கோயிலின் கதவுகள் அம்மக்களுக்குத் திறந்தன. 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1.5.1959 அன்று அவர் மறைந்தார்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. சகஜானந்தர் ஏற்றிய கல்வி விளக்கோ சிதம்பரத்தில் இன்றும் எரிகிறது. தமக்கு எளிதான வாயில் ஒன்று திறந்தபோது அதில் நுழையாமல், தம் மக்கள் அனைவருக்குமான வாயில் திறக்கும்வரை காத்திருந்து உழைத்தவர் அவர். அநீதியைக் கண்டு அஞ்சாமையும், அநீதி செய்தவரை வெறுக்காமையும் ஒருவரிடம் சேர்ந்திருக்க இயலும் என்பதற்கு அவரது வாழ்வே சான்று.