பிரானேசியும் கணப்பு மாடங்களும்

ரோமாபுரியின் இடிபாடுகளைச் சித்திரங்களாக்கிப் பெரும்புகழ் எய்திய ஜோவன்னி பத்திஸ்தா பிரானேசி என்பார், 1720-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 4-ஆம் நாள், வெனிஸ் நகரையடுத்த பகுதியில் கல்வேலை செய்வார் ஒருவருக்கு மைந்தராய்ப் பிறந்தார். தாய்மாமனாகிய லூக்கேசியிடம் கட்டடக்கலை பயின்று, 1740-ஆம் ஆண்டில் வெனிஸ் தூதரின் பரிவாரத்தோடு ரோமாபுரி சேர்ந்தார்.

கட்டடம் அமைக்கக் கற்றவர்க்குக் கட்டடம் அமைக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஆகவே, செப்புத்தகட்டில் ஊசியாற் கீறித் திராவகத்தால் அரித்துப் படம் அச்சிடுந் தொழிலை மேற்கொண்டார். ரோமாபுரிக் காட்சிகளாக மட்டும் 135 பெரும்படங்களை வெளியிட்டார். ஆயினும், வெனிஸ் நகரத்துக் கட்டடச் சிற்பி என்றே தம் படங்களிற் கையொப்பமிட்டு வந்தார்.

கிரேக்கர் கலையே உயர்ந்தது, ரோமர் அதனைப் பின்பற்றியவரே என்று அறிஞர் சிலர் அந்நாளிற் கூறினர். பிரானேசி 1761-இல் ஒரு நூலியற்றி அதனை மறுத்தார். வழக்கு வளரவே, பண்டையோர் செய்தவற்றை அவ்வாறே பெயர்த்தெழுதுவதுதான் கலையோ என்னும் வினா அவர்முன் நின்றது.

இவ்வினாவுக்கு விடையாய் வந்தது கணப்பு மாடம். குளிர்நாட்டு வீடுகளில் தீ வளர்ப்பதற்குச் சுவரில் அமைக்கப்படும் இம்மாடம், ஆங்கிலேயர் மாளிகைகளில் முதன்மையான அலங்காரமாயிருந்தது. பண்டை ரோமரோ தணற்சட்டிகளாலும், தளத்தின்கீழ்ச் செலுத்திய வெப்பக்காற்றாலும் குளிர்காய்ந்தனர். எனவே, இடிபாடுகளிடையே இதற்கு மாதிரி இல்லை. மாதிரி இல்லாமையையே பிரானேசி தமக்குரிய சுதந்திரமாகக் கொண்டார். 1769-இல் அவர் வெளியிட்ட நூலில் சுமார் அறுபது கணப்பு மாடங்களின் சித்திரங்கள் உள்ளன. எகிப்தியர், எத்துரூரியர், கிரேக்கர், ரோமர் ஆகியோருடைய உருவங்களை அவற்றில் அஞ்சாது கலந்தார். இத்தாலியம், ஆங்கிலம், பிரெஞ்சு என்னும் மும்மொழிகளிலும் முன்னுரை எழுதி, அலங்காரம் மிகையென்பார்க்கும் விடையிறுத்தார். பழைய கற்றுண்டுகளை இணைத்து மெய்யாகவே சில மாடங்களைச் செய்வித்தும் விற்றார். அவற்றுள் ஒன்று இங்கிலாந்தில் பர்லி மாளிகையிலும், மற்றொன்று ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சிச்சாலையிலும் உள்ளன.

அந்நூலைப் பெற்ற புரவலராகிய ரெத்சோனிக்கோவே, முன்னர் 1764-இல் அவந்தீன் குன்றிலுள்ள சிற்றாலயத்தைப் புதுப்பிக்கும் பணியை அவருக்களித்தவர். அவர் வாழ்நாளிற் கட்டிமுடித்த வேலை ஏறக்குறைய அஃதொன்றே. 1778-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் அவர் காலமானார். பின்னர் அவருடல் அவ்வாலயத்திலேயே அடக்கம் பெற்றது. கல்லும் சுண்ணமும் கிட்டாதவிடத்துத் தாளையே நிலமாகக் கொண்டு கட்டிய இப்பெரியார், முன்னோரைப் போற்றுதல் வேறு, அவர்க்கு அடிமைப்படுதல் வேறு என்பதைத் தம் தொழிலாலேயே உணர்த்திச் சென்றார்.