ஸங்கீத பாலபாடம் அருளிய ஸ்ரீ புரந்தரதாஸர்

ஐந்தாறு வயதுக் குழந்தையைப் பாட்டு வாத்தியாரிடம் அழைத்துச் சென்று, வெற்றிலை பாக்கு, பழம், தக்ஷிணை வைத்து நமஸ்கரிக்கச் செய்தால், அவர் முதன்முதலில் சொல்லிக் கொடுப்பது ஏழு ஸ்வரங்களையே. பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பிலும் அதுவே முதற்பாடம். ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எனப் படிப்படியாய் ஏறிச் செல்லும் இந்த முறையை வகுத்துத் தந்தவர், ஒரு காலத்தில் காசுக்கு மேல் வேறொன்றையும் எண்ணியறியாத வட்டிக்கடைக்காரர் என்றால் வியப்பாகவே இருக்கும். கர்நாடக ஸங்கீத பிதாமஹர் என்று உலகம் கொண்டாடும் ஸ்ரீ புரந்தரதாஸரே அவர்.

அவர் 1484-ஆம் ஆண்டில் அவதரித்தார் என்பது ஸம்ப்ரதாயம். தகப்பனார் வரதப்ப நாயக்கர். பிள்ளைக்கு இட்ட திருநாமம் ஸ்ரீநிவாஸன். புனே நகருக்கு அருகிலுள்ள புரந்தரகடமே பிறந்த ஊர் என்று ஒரு சாராரும், கர்நாடகத்தில் மலைநாட்டுத் தீர்த்தஹள்ளிப் பக்கமே என்று மற்றொரு சாராரும் வாதிப்பர். மஹான்களின் பிறந்த ஊருக்காக வழக்காடுவது புதிதன்று.

ரத்தின வியாபாரமும் வட்டித் தொழிலும் குலத்தொழிலாய் அமைய, ஸ்ரீநிவாஸ நாயக்கர் நவகோடி நாராயணன் என்று பெயர் பெறுமளவுக்குப் பொருள் ஈட்டினார். ஈட்டியதில் ஒரு செப்புக்காசும் பிறர் கைக்குப் போகாதபடி காத்தார். அவருடைய தர்மபத்னி ஸரஸ்வதியோ இரக்கமே உருவானவர்.

ஒருநாள் ஏழை அந்தணர் ஒருவர் தம் மகனுக்கு உபநயனம் செய்விக்கப் பொருள் வேண்டி நாயக்கரின் கடைக்கு வந்தார். நாளை வா, நாளை வா என்று பல நாள் அலைக்கழித்த நாயக்கர், முடிவில் செல்லாக்காசு ஒன்றைக் கொடுத்தனுப்பினார் என்பர். அந்தணர் நாயக்கரின் வீட்டு வாசலுக்கே சென்று அம்மையாரிடம் யாசித்தார். கணவரைக் கேளாமல் கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது பிறந்தகத்தார் போட்ட மூக்குத்தி ஒன்றே. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்தணர் அதையே எடுத்துக்கொண்டு நாயக்கரின் கடைக்குத் திரும்பி வந்து அடகு கேட்டார். கல்லைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்ட நாயக்கர், அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அந்தணரை அங்கேயே இருக்கச் சொல்லி வீட்டுக்கு விரைந்தார்.

மூக்குத்தி எங்கே என்ற கேள்விக்கு அம்மையாரால் விடை சொல்ல இயலவில்லை. பூஜையறைக்குள் சென்று உயிரை விடத் துணிந்து கிண்ணத்தில் நஞ்சை ஏந்தினார். அப்போது கிண்ணத்தினுள் ஏதோ விழுந்த ஒலி கேட்டது. பார்த்தால் அதே மூக்குத்தி! அதைக் கண்டு திகைத்த நாயக்கர் கடைக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை, அந்தணரையும் காணவில்லை. வந்தவன் விட்டலனே என்று உணர்ந்தவர், தம்மினும் தம் மனையாள் எவ்வளவோ உயர்ந்தவர் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தார். செல்வம் முழுவதையும் தானம் செய்துவிட்டு, மனைவி மக்களோடு வீட்டை விட்டு வெளியேறினார்.

விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் (1509–1529) செங்கோல் செலுத்திய காலம் அது. தர்க்கத்தில் நிகரற்றவரும் நியாயாம்ருதம் முதலிய கிரந்தங்களை இயற்றியவருமான ஸ்ரீ வ்யாஸராயரை நாயக்கர் சரணடைந்தார். 1525-இல் அவரிடம் தாஸ தீக்ஷை பெற்றுப் புரந்தர விட்டலன் என்னும் முத்திரையை ஏற்றதாகச் சொல்வர். வடமொழிக் கடலாகிய அந்த ஆசார்யர், வீதியில் கன்னடத்தில் பாடித் திரிந்த சீடரின் பாடல்களுக்கு உபநிஷத்துக்குரிய ஏற்றம் தந்தார் என்று மத்வ ஸம்ப்ரதாயம் போற்றுகிறது. படித்தவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது. குரும்பர் குலத்துக் கனகதாஸரையும் அதே ஆசார்யர் ஆதரித்தார்.

காலில் சதங்கை, கையில் தம்பூரா. அன்றாடம் உஞ்சவ்ருத்தியில் கிடைத்ததே உணவு. நாளைக்கென்று சேமிப்பு இல்லை. நான்கு லக்ஷத்து எழுபத்தையாயிரம் பாடல்கள் பாடினார் என்பது ஐதிஹ்யம். இன்று கிடைப்பவை ஆயிரத்தைச் சுற்றியே. பாலபாடத்தைப் பற்றி அவர் எழுதி வைத்த ஏடு ஏதும் கிடையாது. குருசிஷ்ய பரம்பரையின் வாய்மொழியே சான்று.

அந்தப் பாடத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட ராகம் மாளவகௌளை. பிற்காலத்தில் மேளகர்த்தா வரிசையில் அது பதினைந்தாவதாய் வைக்கப்பட்டபோது, கடபயாதி ஸங்க்யைக்காக முன்னே எழுத்துச் சேர்த்து மாயாமாளவகௌளை ஆக்கினர். மா ஐந்து, ய ஒன்று. திருப்பிப் படித்தால் பதினைந்து. இந்த ராகத்தில் ஷட்ஜம் முதல் மத்யமம் வரை எந்த இடைவெளிகளோ, அவையே பஞ்சமம் முதல் மேல் ஷட்ஜம் வரையிலும் வருகின்றன. பாதியைப் பிடித்துக்கொண்ட குழந்தைக்கு மறுபாதி எளிதில் வந்துவிடும். முதலில் ஆதி தாளத்தில் எட்டு அக்ஷரத்துக்கு ஸரளி வரிசை, அதையே மூன்று காலங்களில் பாடுதல். பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரட்டித்து அழுத்தும் ஜண்டை. அலங்காரத்தில் துருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என ஏழு தாளங்களும் கைக்கு வந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகே ஸாஹித்யம். பிள்ளாரி கீதங்கள் மலஹரி ராகத்தில் அமைந்தவை. மலஹரியில் நிஷாதம் அறவே இல்லை; காந்தாரம் இறங்கும்போது மட்டும் வரும். குழந்தை அதுவரை பழகிய ஸ்வரஸ்தானங்களே போதும். புதிதாக ஒன்றும் வேண்டாம். பிள்ளையாரைத் துதிக்கும் சொற்கள் நாவில் ஏறும்போது, தான் பாட்டே பாடிவிட்டதாக அது மகிழ்ந்து போகும். பெரிய வித்வானுக்குக் கடினமானதை இயற்றுவது அரிதன்று. குழந்தையின் மூச்சளவும் நாவளவும் அறிந்து கொடுப்பதே அரிது. ஒரு காசுக்குக் கணக்குப் பார்த்த அந்தக் கை, பிறகு குழந்தைக்காக அக்ஷரக் கணக்குப் பார்த்தது.

திருவையாற்று ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் (1767–1847) தம்முடைய ப்ரஹ்லாத பக்தி விஜயத்தில் தாஸரை வணங்கியிருக்கிறார்.

தாஸர் 1564-ஆம் ஆண்டு, தை அமாவாஸ்யையன்று ஹம்பியில் ஹரியின் திருவடி சேர்ந்தார் என்பர். மறு ஆண்டு ஜனவரியிலேயே தலைக்கோட்டைப் போர் மூண்டு, விஜயநகரம் இடிபாடாயிற்று. துங்கபத்ரைக் கரையில், விட்டலன் கோயிலுக்கு அருகே, தாஸர் அமர்ந்து பாடியதாகச் சொல்லப்படும் கல்மண்டபம் இன்றும் நிற்கிறது. வெள்ளம் பெருகும் நாட்களில் ஆற்றுநீர் அதனுள் புகுந்து செல்லும்.